பகல் தூக்கத்துக்கு ஒரு முடிச்சு

நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஓசூரிலிருந்து வந்து இறங்கினால், இலங்கை அகதிகள் முகாமின் வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொள்கிறார்கள். "அக்கா எப்பிடி இருக்கிறா?" நான் எப்படி இருக்கிறேன் என்று ஒருத்தரும் கேட்பதில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட் முனிலட்சுமியும், "அக்காவத் தனியா உடாத, தெரிதா?" என்றுதான் இறங்கும்போது சொன்னாள்.

போன மாதம் விடிகாலையில் சாக நினைத்து அணைப் பக்கம் போன அக்காவை, ஆடு ஓட்டிப்போன ஆஞ்சப்பன் பார்த்துக் கூட்டி வந்தார். அன்றிலிருந்து அம்மா தன் சேலைத் தலைப்பை அக்காவின் மணிக்கட்டில் முடிந்துகொண்டுதான் படுக்கிறாள். அக்கா புரண்டால் அம்மா விழித்துக்கொள்வாள். நான் எழுந்து வேலைக்குப் போய்த் திரும்பி வந்தாலும் அவளுக்குத் தெரியாது. மீன் குழம்பில் நடுத்துண்டு அக்காவுக்கு. தலைவாரி விடுவது அக்காவுக்கு. எனக்கு வயிறு எரிகிறது, மறைப்பானேன்?

அவள் பி.காம் படிக்கத்தான் நான் பன்னிரண்டாவதோடு நின்றேன். அவளுக்கு ஆபீஸ் வேலை தருகிறோம் என்றவர்கள், போன மாதம் அகதி அட்டையைப் பார்த்ததும் கையை விரித்துவிட்டார்கள். அதிலிருந்து அவள் பேசுவதே இல்லை. அதே அட்டைதான் என்னிடமும் இருக்கிறது. இங்கேயே பிறந்தும் இந்த நாட்டுக்காரி இல்லை என்பது அவளுக்கு மட்டுமா வலிக்கும்? நான் என்ன கல்லா?

இன்று நான் பாய் விரிக்கும்போது அம்மா செருப்பை மாட்டினாள்.

"பிள்ளை, முகாம் ஆபீசில கையெழுத்து வைச்சிட்டு வாறன். அக்காவைப் பாத்துக்கொள். நித்திரை கொண்டிடாதை."

விடிய விடிய நின்றே வேலை செய்த கால்கள் விண்விண்ணென்று தெறித்தன.

"நானும் அணைக்குப் போனாத்தான் என்னையும் பாப்பீங்களோ?"

"என்ன கதை கதைக்கிறாய்?"

"சும்மா சொல்லேல்லை அம்மா. பஸ் அந்தப் பக்கத்தால வரேக்க, இறங்கிடுவமோ எண்டு ஒவ்வொரு நாளும் நினைக்கிறன்."

"வாயை மூடு. காலங்காத்தால..." அம்மா என் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டாள். அப்போதும் அக்காவைத்தான் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். அக்கா சுவரோரம் படுத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன பார்வை, எல்லாம் உன்னால்தான் என்று நினைத்தேன். அதற்குமேல் கண்ணைத் திறந்து வைக்க முடியவில்லை.

கதவு தள்ளப்பட்ட சத்தத்தில்தான் விழிப்பு வந்தது. தூங்கிவிட்டேனே, அக்கா எங்கே? ஆனால் நான் பாயில் கிடந்தேன், தலைக்கடியில் தலையணை இருந்தது.

"சத்தம் போடாதேங்கோ அம்மா," என்றது அக்காவின் குரல். ஒரு மாதமாகக் கேட்காத குரல். "அவள் இப்பத்தான் நித்திரை."

கண்ணைத் திறக்கவில்லை. வலது மணிக்கட்டில் ஏதோ இறுக்கமாக இருந்தது. இடது கையால் தடவினேன். அக்காவின் துப்பட்டா. மெல்ல இழுத்துப் பார்த்தேன். மறுமுனையும் மெல்ல இழுத்தது.