ராவுத்தர் போட்ட இரண்டாம் விலை

நான் ஒரு துப்பாக்கிக்கு விலை போட்டால் போட்டதுதான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன், யாருக்கு என்ன வந்தது? காஜிமார் தெருவில் சர்க்கார் லைசென்சோடு பட்டறை போட்டு இருபத்திரண்டு வருஷமாகிறது. மேலூரிலிருந்து திருமங்கலம் வரை பழைய துப்பாக்கி கை மாறுகிறதென்றால், விற்கிறவனும் வாங்குகிறவனும் என் பட்டறைக்கு வருவார்கள். நாகூர்கனி ராவுத்தர் வாயிலிருந்து என்ன தொகை வருகிறதோ அதற்கு இரண்டு பேரும் தலையாட்டிவிட்டுப் போவார்கள். ஒரு தடவைகூட நான் சொன்ன விலையை மாற்றிச் சொன்னதில்லை.

மற்ற பட்டறைக்காரன் துப்பாக்கியை அக்கக்காகக் கழற்றிப் போட்டு, எண்ணெய்த் துணியால் துடைத்து, நாளைக்கு வா என்பான். எனக்கு அந்தச் சோலியே கிடையாது. கையில் வாங்குவேன். குழலுக்குள் ஒரு பார்வை, விசையில் ஒரு தட்டு, கட்டையில் ஒரு தடவல். விலை வந்துவிடும்.

அந்தச் சித்திரை மாதம் திங்கட்கிழமை வந்தது ஒரு பம்பு துப்பாக்கி. அமெரிக்கச் சாமான். குழலுக்கு அடியில் இருக்கும் முன்கட்டையைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளினால், சுட்ட தோட்டாவின் கூடு வெளியே விழுந்து அடுத்த தோட்டா தானாக ஏறும். மதுரை ஜில்லாவில் அந்த ஜாதித் துப்பாக்கி பத்துக்கூட இருக்காது. கொண்டுவந்தவள் அலங்காநல்லூர்ப் பக்கத்துச் சோணையம்மாள். புருஷன் முத்திருளன் தை மாதம் காய்ச்சலில் போய்விட்டான். லைசென்ஸ் அவன் பேரில் இருந்ததால், சித்திரைக்குள் துப்பாக்கியை விற்றுவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒப்படைக்க வேண்டும் என்று தாலுகா ஆபீசில் கெடு வைத்துவிட்டார்கள்.

வாங்க வந்தவர் தல்லாகுளத்து வக்கீல் சீதாராமன். அவருக்குச் சோழவந்தானில் வாழைத்தோட்டம், அதில் காட்டுப்பன்றித் தொல்லை. மனுஷர் எறும்பைக்கூட மிதிக்க மாட்டார். வெடிச் சத்தம் கேட்டுப் பன்றி ஓடினால் போதும் என்பார்.

துப்பாக்கியை என் கையில் கொடுக்கும்போதே சோணையம்மாள் பேச ஆரம்பித்தாள்.

"ராவுத்தரே, சந்தையில ஒரு சோடி மயிலைக் காளை பாத்து வச்சிருக்கேன். நூறு ரூவா சொல்றான். கையில முப்பது இருக்கு. வெள்ளிக்கெழம வரைக்கும்தான் மாட்டப் பிடிச்சு வப்பேன்னுட்டான். நாலு ஏக்கர் கடலக்காடு, மழ விழுந்தா ஏர் கட்ட வேணாமா? இதுல எழுபது ரூவா வந்துட்டாப் போதும்."

எனக்குச் சுள்ளென்று வந்தது. விலை போடுகிறவனிடம் கஷ்டத்தைச் சொல்வது எனக்குப் பிடிக்காது.

"அதெல்லாம் எங்கிட்ட எதுக்குத் தாயி? நான் சாமானுக்குத்தான் வெல போடுவேன், ஒன் கஷ்டத்துக்கு இல்ல."

வக்கீல் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "ராவுத்தர், நீர் மத்தவா மாதிரி கழட்டிப் பாக்கமாட்டீராமே? கையில வாங்கினாலே சொல்லிடுவீராமே?" என்றார். அது போதாதா எனக்கு? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு துப்பாக்கியை வாங்கினேன். குழல் நன்றாகத்தான் இருந்தது. முன்கட்டையைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. பல்லைக் கடித்து இழுத்ததும் நறநறவென்று பாதி வந்து நின்றது. தள்ளினால் போகவில்லை.

அதற்குமேல் என்ன பார்க்க? எவனோ தோட்டா போடாமலே இழுத்து இழுத்து விளையாடி, உள்ளே பல்லெல்லாம் தேய்ந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். அந்தச் சாமானுக்கு மாற்று உறுப்பு வேண்டுமென்றால் பம்பாய்க்கு எழுதிப் போட்டு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும்.

"நாப்பத்தஞ்சு" என்றேன்.

வக்கீல் உடனே தலையாட்டினார். சோணையம்மாள் ஆட்டவில்லை. துப்பாக்கியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நல்ல சாமான்னுதான் அவரு சொல்லிக்கிட்டே இருப்பாரு" என்றாள்.

"எல்லாப் புருஷனும் அப்பிடித்தான் சொல்லுவான். எம்புட்டுப் பேரப் பாத்திருக்கேன்" என்றேன்.

அவள் குழலின் மேல் கையை வைத்து எடுத்தாள். வக்கீலும் வைத்தார். என் பட்டறையில் அதுதான் வழக்கம், இரண்டு பேரும் குழலைத் தொட்டால் பேரம் முடிந்தது. வியாழக்கிழமை காகிதம் எழுதிப் பணம் கைமாறும். அதுவரை துப்பாக்கி என் பொறுப்பில் இருக்கும், அதைத் துடைத்துக் கொடுப்பதும் என் வேலை.

புதன்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அதைக் கழற்றினேன். முன்கட்டை லேசில் கழலவில்லை. மண்ணெண்ணெய் விட்டு, ஊறவைத்து, மரச்சுத்தியால் தட்டித் தட்டி எடுத்தேன். கட்டைக்கும் அதற்குள் ஓடும் அடிக்குழாய்க்கும் நடுவிலிருந்து ஒரு கட்டி பெயர்ந்து மடியில் விழுந்தது. துரு என்று நினைத்தேன். எடுத்து முகர்ந்து பார்த்தால் சந்தனம்!

அட, ஆமாம். சந்தனம்தான். இடையிடையே குங்குமச் சிவப்பு, விபூதி வெள்ளை. கத்தி முனையால் பிளந்து பார்த்தேன். ஒரு மஞ்சள் வரி, ஒரு சிவப்பு வரி, மறுபடியும் மஞ்சள். எண்ணினேன். பதினாலு. ஒவ்வொரு வருஷமும் ஆயுத பூஜைக்குத் துப்பாக்கியைச் சாமி முன்னால் சார்த்தி, குழைத்த சந்தனத்தை அள்ளி அப்பியிருக்கிறார்கள். வெளியில் இருந்ததைத் துடைத்தார்கள். சந்துக்குள் வழிந்தது வழிந்தபடியே காய்ந்து, அடுத்த வருஷத்துச் சந்தனம் அதன்மேல் ஏறி, கல்லாகிவிட்டது.

உள்ளே இருந்த உறுப்புகளை ஒவ்வொன்றாகத் துடைத்தேன். பல் ஒன்றுகூடத் தேயவில்லை. துருப் பிடிக்காமலிருக்கக் கம்பெனியில் பூசிய நீலம் அப்படியே இருந்தது. திரும்ப மாட்டி எண்ணெய் விட்டு இழுத்தேன். சரக், சரக். ஒரு விரலால் இழுத்தால் வருகிறது. தெருவில் போன பாத்திரக்காரன் நின்று பார்த்துவிட்டுப் போனான்.

என்மேல் எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. மண்ணெண்ணெய்ச் சட்டியை எட்டி உதைத்தேன். சத்தம் கேட்டு உள்ளேயிருந்து ஹாஜரா வந்தாள். என் பெண்சாதி. நடந்ததைச் சொன்னேன்.

"ஒண்ணும் பிரச்சின இல்ல. வக்கீலு நாப்பத்தஞ்சு குடுக்கட்டும். மிச்சத்த நான் என் கையிலருந்து அந்தம்மாட்ட ரகசியமாக் குடுத்துர்றேன். யாருக்கும் தெரியப்போறதில்ல, எம் பேச்சும் நிக்கும்" என்றேன்.

அவள் பதறவில்லை. சட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சொன்னாள். "குடுங்க. ஒங்க காசு. அந்தம்மாவுக்கு மாடு வந்துரும். ஆனா புருஷன் வச்சிருந்தது ஒண்ணுத்துக்கும் ஒதவாத சாமான்னு சாகுற வரைக்கும் நெனச்சுக்கிட்டுல்ல இருப்பா?"

"அதுக்கு?"

"அதுக்கு ஒண்ணுமில்ல. இருபத்திரண்டு வருஷமா நீங்க ஒரே சொல்லுன்னு சொல்லிக்கிறீங்க. நானும் இருபத்திரண்டு வருஷமா சிரிச்சிக்கிட்டு இருக்கேன்."

போய்விட்டாள். அவளிடம் பதிலுக்குச் சொல்ல எனக்கு நிறைய இருந்தது. எல்லாமே தப்பான பதில். சந்தனத் துணுக்குகளைப் பொறுக்கிக் காகிதத்தில் மடித்தேன்.

வியாழக்கிழமை காலையில் இருவரும் வந்தார்கள். வக்கீல் நோட்டுகளைத் தயாராக மடித்து வைத்திருந்தார். சோணையம்மாள் துப்பாக்கி இருந்த பக்கமே பார்க்காமல் நின்றாள். மாட்டுக்காரனிடம் என்ன சொல்வது என்ற யோசனை அவள் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

நான் தொண்டையைச் செருமினேன். பக்கத்துக் கடைக்காரர்கள் இரண்டு பேர் வேறு வாசலில் நின்றார்கள். சரி, என்ன ஆனாலும் ஆகட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.

"நான் போட்ட வெல தப்பு."

வக்கீல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "என்ன ஓய் சொல்றீர்?"

"தப்புன்னு சொல்றேன். கழட்டிப் பாக்காம, திமிர்ல சொல்லிட்டேன். இது தொண்ணூத்தஞ்சு ரூவாச் சாமான். கப்பல்ல வந்து எறங்குற புதுசுக்கு நூத்தம்பது. கை மாறுனதுக்கு முப்பது கழிங்க. கட்டையில ஒரு கீறல் இருக்கு, அதுக்குப் பத்து. குழல் வாயில கொஞ்சம் நீலம் போயிருக்கு, அதுக்கு அஞ்சு. இப்ப வாரது வேற மாடல், அதுக்கு ஒரு பத்து. மிச்சம் தொண்ணூத்தஞ்சு. இதுக்கு மேல கழிக்க எடமில்ல."

"நன்னாருக்கு நியாயம்! குழலத் தொட்டாச்சு. பேரம் முடிஞ்சாச்சு. நீர் சொன்ன விலை நாப்பத்தஞ்சு. கோர்ட்டுக்குப் போனாலும் அதுதான் செல்லும்."

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. ஆனால் இந்தத் தடவை சரியான இடத்துக்கு ஏறியது.

"செல்லும் சாமி, நல்லாச் செல்லும். நான் நாப்பத்தஞ்சு போட்டது உள்ள சந்தனம் அடைச்ச துப்பாக்கிக்கு. ஒங்களுக்கு அதுதான வேணும்? இந்தா இருக்கு, பதினாலு வருஷத்துச் சந்தனம், ஒரு துணுக்கு விடாம எடுத்து வச்சிருக்கேன். குழைச்சு மறுபடியும் உள்ள அப்பி, இறுக்கிக் குடுத்துர்றேன். நாப்பத்தஞ்ச வச்சிட்டு எடுத்துக்கிட்டுப் போங்க. பன்னி வந்தா நீங்க இழுங்க, அது நின்னு பாத்துட்டுப் போவும்."

காகிதப் பொட்டலத்தை அவர் முன்னால் பிரித்து வைத்தேன். வாசலில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். வக்கீல் முதலில் முறைத்தார். பிறகு அவருக்கும் தாங்கவில்லை, வயிறு குலுங்கச் சிரித்துவிட்டார்.

"ஓய், நீர் பட்டறைல இருக்க வேண்டியவரே இல்ல. கறுப்புக் கோட்டு மாட்டிண்டு எனக்கு எதிர்ல நின்னிருந்தா என் பொழப்பு என்னாறது?" என்றபடி துப்பாக்கியை வாங்கி முன்கட்டையை இழுத்தார். சரக், சரக். இன்னொரு தடவை இழுத்தார். அந்தச் சத்தம் அவருக்குப் பிடித்துப்போனது முகத்திலேயே தெரிந்தது. "தொண்ணூறு" என்றார்.

"தொண்ணூத்தஞ்சு."

"சரி ஓய், சரி."

காகிதம் எழுதி முடிந்து வக்கீல் வண்டியேறிப் போன பிறகும் சோணையம்மாள் நின்றுகொண்டிருந்தாள். பணத்தை முந்தானையில் முடிந்திருந்தாள். அவள் பார்வை அந்தச் சந்தனத் துணுக்குகள் மேல் இருந்தது.

"இதெல்லாம் நான் வச்ச சந்தனம். வருசா வருசம் நான்தான் வப்பேன். அது பாட்டுக்கு இறுகிக்கிட்டே வந்துச்சு. அவரு சுட்டதே ஒண்ணு ரெண்டு தடவதான், இந்த ஜாதித் துப்பாக்கி இப்பிடித்தான் இறுகும் போலன்னு அவரும் விட்டுட்டாரு" என்றாள்.

"ரெண்டு பேருக்கும் நல்ல பொருத்தம்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. நேராக என் முகத்தைப் பார்த்தாள். "அப்ப, அவரு சொன்னது சரிதான? நல்ல சாமான்தான?"

இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ பேர் என்னிடம் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். இப்படி ஒருத்தரும் கேட்டதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொன்னால் என்ன?

"சரிதான் தாயி. மதுரையில இது மாதிரிச் சாமான் இன்னொண்ணு நான் பாக்கல. அவரு சொன்னதுதான் சரி, நான் சொன்னதுதான் தப்பு."

அவள் தலையை ஆட்டினாள். பொட்டலத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனாள்.

மறுநாள் ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து பட்டறையைத் திறந்தேன். காஜிமார் தெருவே வேடிக்கை பார்க்க, இரண்டு மயிலைக் காளைகளைப் பிடித்துக்கொண்டு சோணையம்மாள் வந்து நிற்கிறாள். நல்ல மாடுகள், அகன்ற நெற்றி. இரண்டு நெற்றியிலும் சந்தனம். எந்தச் சந்தனம் என்று நான் கேட்கவில்லை. அந்தப் பதினாலு வருஷத்துத் துணுக்குகளைத் தண்ணீர் விட்டுக் குழைத்து வைத்திருக்கிறாள். மண்ணெண்ணெய் வாடைகூடப் போகவில்லை.

"வடக்க அலங்காநல்லூர் போறதுக்குத் தெக்க வந்திருக்கியே தாயி" என்றேன்.

"ஒங்களுக்குக் காட்டிட்டுப் போகலாம்னு வந்தேன். வெல போடுங்க பாப்போம், நூறுக்குத் தேறுமா?"

"மாட்டுக்கெல்லாம் நான் வெல போடுறதில்ல."

ஹாஜரா கதவுக்குப் பின்னால் சிரிப்பது கேட்டது. சோணையம்மாளின் உள்ளங்கையில் இன்னும் கொஞ்சம் சந்தனம் மிச்சமிருந்தது. என் நெற்றியை ஒரு நிமிஷம் பார்த்தாள். நான் தொப்பியைச் சரிசெய்துகொண்டேன். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு, பட்டறையில் இரும்பை இறுக்கிப் பிடிக்கிற வைஸ் இருக்கிறதே, அதன் பக்கம் கையைக் கொண்டுபோனாள்.

எனக்கு உயிரே போய்விட்டது.

"தாயி! திருகுப் பக்கம் கொண்டுபோகாத! வெளியில வையி, வெளியில மட்டும் வையி!"

அவள் வெளியில்தான் வைத்தாள். ஒரே ஒரு பொட்டு. இன்னும் நான் அதைத் துடைக்கவில்லை.