செலின் சொன்ன சாட்சி

மஸ்ஜித் தானா என்ற ஊருக்கு உள்ளே ஒதுங்கிக் கிடந்த ஒரு செம்பனைத் தோட்டத்துக்குக் கிறிஸ்தவச் சபையிலிருந்து மாணவர்கள் ஒன்பது பேர் ஊழியத்துக்குப் போனார்கள். பள்ளி விடுமுறை நேரம். நான்கு நாள் தோட்டத்து மண்டபத்தில் தங்கி, பிள்ளைகளுக்குப் பாடமும் பாட்டும் சொல்லிக்கொடுத்து, வீடு வீடாகப் போய்ப் பேசிவிட்டு வருவதாக ஏற்பாடு. பள்ளியின் கடைசிப் படியான ஆறாம் படிவத்தில் படிக்கும் செலினுக்கு அது முதல் பயணம். பஸ் ஏறும்போதே அவளுக்கு ஒரு கவலை இருந்தது. போய்வந்த ஒவ்வொருவரும் தெங்கேராவில் இருக்கும் சபையில், ஞாயிறு ஆராதனையில் எழுந்து சாட்சி சொல்ல வேண்டும். போன வருடம் போனவர்கள் சொன்னதைக் கேட்டுச் சபையே அழுதது. தனக்குச் சொல்ல ஒன்றும் கிடைக்காமல் போய்விடுமோ என்று அவள் பயந்தாள்.

மூன்று நாள் ஒன்றும் கிடைக்கத்தான் இல்லை. தோட்டத்து ஜனங்கள் அவள் நினைத்து வந்த மாதிரி இருக்கவில்லை. பாதிப்பேர் தோட்ட வேலையை விட்டுவிட்டு ஃபேக்டரி வேனில் ஏறிப் போய்வந்துகொண்டிருந்தார்கள். மோகனாவும் அப்படித்தான். ஒரு சாயங்காலம், வேலை முடிந்து வந்த களைப்போடு, மாணவர்களை வீட்டுக்குக் கூப்பிட்டு மைலோ பானம் கலக்கிக் கொடுத்தாள். டம்ளர்களைக் கழுவிக்கொடுக்க அடுப்படிக்குப் போன செலின், அங்கே பத்துக் கிலோ அரிசிப் பை ஒன்று பிரிக்காமல் சுவரோரம் இருந்ததைப் பார்த்தாள். மோகனாவின் மகள் தாரணிக்குப் பத்து வயது. அந்த நான்கு நாளும் அவள் செலினை ஒட்டிக்கொண்டேதான் திரிந்தாள்.

கடைசி நாள் சனிக்கிழமை. காலைப் பாடத்தில் தாரணி மேசைமேல் தலையைக் கவிழ்த்துப் படுத்திருந்தாள். சாப்பிட்டாயா என்று செலின் கேட்டாள்.

"பசியாறலக்கா. அம்மா சாப்பிடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

பிள்ளையின் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டியிருந்தது. செலினோடு பள்ளியில் படித்தவர்களில் பலர் இந்துப் பிள்ளைகள். திருவிழாச் சமயத்தில் அந்தக் கயிற்றோடு வகுப்புக்கு வருவார்கள், கேன்டீனில் முட்டையைக்கூடத் தொடமாட்டார்கள். அது என்ன கயிறு என்று தெரியாது என்று அவளால் சொல்லவே முடியாது. ஆனால் அந்த நேரத்தில் அவள் மனம் கயிற்றின் மேல் நிற்கவில்லை. தனக்கென்று வைத்திருந்த, தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துப் பிள்ளையின் முன்னால் வைத்தாள். தாரணி வேண்டாமென்று தலையாட்டினாள்.

"சாப்பிடுலா. அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றாள் செலின்.

தாரணி வாசலை ஒரு தரம் பார்த்தாள். பிறகு தலையை நிமிர்த்தாமல், முட்டையையும் நெத்திலியையும் சேர்த்து, இலையில் ஒரு பருக்கை மிஞ்சாமல் தின்று முடித்தாள். செலினுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. தனக்கும் ஒரு சாட்சி கிடைத்துவிட்டது என்ற நினைப்பும் அந்த நிறைவோடு கலந்திருந்தது. மத்தியானமே பஸ் கிளம்பிவிட்டது. மோகனாவிடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்று வாரம் கழித்து, சபையில் நன்றி ஆராதனை. இளைஞர் குழுவை நடத்தும் கெல்வின், விருப்பப்பட்ட தோட்டத்துக் குடும்பங்களை விருந்துக்கு அழைத்துவர வேன் அனுப்பியிருந்தான். வேன் வந்துசேரச் சுணங்கிவிட்டது. செலின் மைக்கைப் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் மோகனா மகளோடு உள்ளே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

செலின் பார்த்தாள். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். வேறு எதையாவது சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் முன்வரிசைப் பெண்கள் கண்ணைத் துடைக்க ஆரம்பித்திருந்தார்கள். பேர் சொல்லவில்லையே என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டு, எழுதிவைத்திருந்ததை அப்படியே சொன்னாள். பத்து வயதுப் பிள்ளை, வெறும் வயிறு, அம்மா சாப்பிட வேண்டாமென்று சொல்லிவிட்டாள், வீட்டில் ஒரு பிடி அரிசி இல்லாத தாய் வேறு என்னதான் சொல்லுவாள், என் நாசி லெமாக்கை அந்தப் பிள்ளைக்குக் கொடுத்தேன். சபை முழுக்க விசும்பல் கேட்டது.

விருந்தில் மோகனா சாப்பிடவில்லை. வேன் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். செலின் அவளைத் தேடிப் போனாள்.

"எந்த நாளும்மா அது?" என்று கேட்டாள் மோகனா. குரல் உயரவில்லை.

"சனிக்கிழமக்கா."

"நாசி லெமாக்னா, நெத்திலி இருந்துச்சா?"

"இருந்துச்சுக்கா."

மோகனா வேனுக்குள் பார்த்தாள். தாரணி சீட்டில் சுருண்டு உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் பிள்ளை டெங்கிக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்ததையும், பிழைத்து வந்தால் பால்குடம் எடுக்க வைக்கிறேன் என்று அம்மனுக்கு வேண்டிக்கொண்டதையும் மோகனா சொன்னாள். அந்தச் சனிக்கிழமை விரதம். மறுநாள் கோவில் வாசலில், தோட்டமே கூடியிருக்கும்போது, பிள்ளை குடத்தைத் தொட மாட்டேன் என்று நின்றுவிட்டது. ஏன் என்று கேட்டால் வாயைத் திறக்கவில்லை.

"அடிச்சேன்மா" என்றாள் மோகனா. "எல்லாரும் பாக்க, கன்னத்துல அடிச்சேன். எதுக்கு மாட்டேங்குறான்னு தெரியாம அடிச்சேன்." பிறகு செலின் பக்கம் திரும்பி, "எங்க வீட்ல அரிசி இல்லியா? நீ வந்து மைலோ குடிச்சியே" என்றாள்.

வேன் கிளம்பும்வரை செலின் அங்கேயே தலைகுனிந்து நின்றாள்.

அன்று மாலை கெல்வினிடம் எல்லாவற்றையும் சொன்னாள். நல்ல மனசோடு செய்ததுதானே, போனில் ஒரு மன்னிப்புக் கேட்டுவிட்டால் போதும், சபையாரைக் குழப்ப வேண்டாம் என்று அவன் சொன்னான். பயணத்தில் கற்றுக்கொண்டதை ஒரு பக்கம் எழுதித் தரும்படி நினைவும் படுத்தினான். நல்ல மனசா என்று செலின் தன்னையே கேட்டுப் பார்த்தாள். அரிசிப் பை கண்ணுக்குள்ளேயே நின்றது.

அடுத்த ஞாயிறு பாஸ்டரிடம் இரண்டு நிமிடம் கேட்டு வாங்கிக்கொண்டு மைக்கைப் பிடித்தாள். அந்த வீட்டில் அரிசி இருந்தது, நான் பார்த்தேன் என்று சொன்னாள். பிள்ளை விரதம் இருந்தது, கையில் கயிறு இருந்தது, அதையும் பார்த்தேன் என்று சொன்னாள். இந்தத் தடவை யாரும் அழவில்லை. சிலர் மடியிலிருந்த வேதாகமத்தைப் புரட்டினார்கள். போன வாரம் கட்டியணைத்து முத்தம் கொடுத்த ஆன்ட்டி, முடிந்ததும் வேறு வாசல் வழியாகப் போய்விட்டார்.

ஆராதனை முடிந்த கையோடு அவளுடைய அப்பா அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு கிளேபாங் வழியாகத் தோட்டத்துக்குப் போனார். மோகனா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். காரைக் கண்டதும் தாரணி உள்ளே ஓடிவிட்டாள். சபையில் எழுந்து சொன்னதைச் செலின் சொன்னாள்.

"அங்க சொன்னது சரி" என்றாள் மோகனா. "இவகிட்ட யாரு சொல்றது?"

செலின் கதவோரம் போய் நின்றாள். அறைத் திரைக்குக் கீழே பிள்ளையின் பாதங்கள் மட்டும் தெரிந்தன. "தாரணி, தப்பு உன்னோடது இல்ல. நீ வேணாம்னு தலையாட்டுன. நான்தான் சாப்பிட வச்சேன். அம்மாகிட்ட சொல்றேன்னு சொல்லிட்டு, சொல்லாமயும் போயிட்டேன்."

பிறகு உள்ளிருந்து குரல் வந்தது. "சாமி கோவிச்சுக்கிச்சாக்கா?"

இந்தத் தோட்டத்து லயத்து வீடுகளின் வாசல்களில் நின்று கடவுளைப் பற்றி நான்கு நாள் தடையில்லாமல் பேசியவள்தான் செலின். இப்போது "தெரியலம்மா" என்றாள். "கோவிச்சிருந்தா, என்மேலதான் கோவிச்சிருக்கும்."

தாரணி வெளியே வரவில்லை. பூசாரியிடம் கேட்டாயிற்று, அடுத்த வருடம் எடுக்கட்டும் என்று சொல்லிவிட்டார் என்றாள் மோகனா. அன்றைக்குத் தான் வரலாமா என்று செலின் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

மோகனா வாளியிலிருந்த கடைசிச் சட்டையை உதறிக் கொடியில் போட்டாள். "வர்றதுன்னா வா" என்றாள். "வந்து பாத்துட்டு, யார்கிட்டயும் போய்ச் சொல்லிக்கிட்டு இருக்காத."

செலின் சரியென்று தலையாட்டினாள். அதற்குமேல் அங்கே நிற்க முடியாமல், காருக்கு நடந்தாள்.