அடுப்பில் ஊற்றிய தண்ணீர்

பூலாம்பாடி பஸ் நிறுத்தத்தில் இருபத்திரண்டு வருஷமாக டீ போடுகிறேன். என் டீயை ஒருத்தன் குறை சொன்னதில்லை. போன கோடையில் கடையின் போர்க்கிணற்றை இன்னும் ஆழப்படுத்தினேன், வந்தது வினை. தண்ணீரில் இரும்பு நாற்றம். எவ்வளவு பால் ஊற்றினாலும் டீ கறுத்துப்போகிறது. தினமும் என் கடையில் பேப்பர் படிக்கும் அய்யம்பெருமாள்கூட எதிர்க் கடைக்குத் தாவிவிட்டார். கேன் தண்ணீர் கட்டுப்படியாகவில்லை. இப்படியே போனால் தை பிறப்பதற்குள் கடையைச் சாத்த வேண்டியதுதான்.

என் மனைவி சம்பூர்ணத்தின் தம்பி அருள்முருகன் மக்காச்சோளம் போடுகிறவன். மணி உதிர்த்த கட்டைகளைக் காட்டிலேயே கொளுத்திக்கொண்டிருந்தவன், ஏதோ பயிற்சிக்குப் போய்வந்து, தகரத்தில் ஓர் அடுப்பு செய்து கொண்டுவந்தான்.

"மாமா, கட்டையப் போட்டு மேலாப்ல பத்த வையிங்க. அதுல வர்ற புகையே எரியும், பால் காஞ்சிரும். தீ அடங்குனதும் தண்ணி ஊத்தி அணைச்சிருங்க. மிஞ்சுற கரிய மணலோட டிரம்முல போட்டா போர்த் தண்ணி சுத்தமாயிரும்."

"அடுப்புல தண்ணி ஊத்தச் சொல்றியா? வியாபாரம் பண்ற எடத்துலயா?"

பால் பொங்கி அடுப்பில் வழிந்தாலே எனக்கு அன்றைக்கு மனசு சரியிருக்காது. இவன் சொம்புத் தண்ணீரை ஊற்றச் சொல்கிறான்.

அடுப்பு நன்றாகத்தான் எரிந்தது. கேஸ் பாதி மிச்சம். ஆனால் தீ அடங்கியதும் உள்ளே தணல் கனகனவென்று கிடக்கும். அதை அணைக்கக் கை வருமா? இன்னொரு பானை வெந்நீர் வைப்பேன். கடைசியில் ஒரு கை சாம்பல்தான் மிஞ்சும். கரி எங்கே என்று கேட்ட சம்பூர்ணத்திடம் கட்டை ஈரம் என்று புளுகினேன்.

எட்டாம் நாள் சம்பூர்ணம் கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள்.

"தணல்ல வெந்நி வச்சுக்கிட்டு எந்தம்பி கட்டையக் குத்தம் சொல்றீங்களா?"

"லட்சுமி இருக்குற அடுப்புடி இது."

"லட்சுமி எதுத்த கடைக்கு டீ குடிக்கப் போயி வருசமாவுது."

சுருக்கென்றது. முறைத்தேன். அவள் சொம்பை நீட்டியபடி நின்றாள், அசையவில்லை. எதிரே அய்யம்பெருமாள் இரண்டாவது டீக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். சொம்பை வாங்கி நானே ஊற்றினேன். மனசுக்குள் சாமியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

பத்து நாளில் கரி சேர்ந்தது. அருள்முருகன் அதை நொறுக்கி, சாம்பல் போக அலசி, டிரம்மில் ஜல்லி, மணலோடு அடுக்கினான். மேலே ஓட்டை போட்ட குழாயிலிருந்து தண்ணீர் தூறலாக விழுந்தது. முதல் இரண்டு குடம் கறுப்பாக வந்தது, கொட்டிவிட்டோம். மூன்றாவது குடத்தை மோந்து பார்த்தேன். நாற்றமே இல்லை.

டீ போட்டேன். பழைய நிறம் அப்படியே வந்தது. முதல் கிளாஸை சம்பூர்ணத்திடம் கொடுத்தேன். போன கோடையிலிருந்து அவள் டீ குடிப்பதில்லை, பித்தம் என்பாள். என் டீ பிடிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. நின்றபடியே குடித்து முடித்துக் கிளாஸை நீட்டினாள்.

"இன்னொன்னு போடுங்க."

"பித்தம் எங்கடி போச்சு?"

"பழைய தண்ணியோட போச்சு."

கோபம் வந்திருக்க வேண்டும். அழுகைதான் வந்தது, அவ்வளவு சந்தோஷம். அதற்குள் அய்யம்பெருமாள் ரோட்டைத் தாண்டி வந்து நின்றார்.

"செத்த இருங்க," என்றேன். "மொதல்ல அவளுக்கு."