நகர மாளிகைச் சுவரில் தொங்கியவன்

நகர மாளிகையின் வெளிச்சுவரில் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்த நெரியோ மட்டையை இன்னும் வேகமாக இழுத்தான். கோட்டை வாசல் மணி அடித்துவிட்டது. கொர்ராதோ படையோடு ஊருக்குள் நுழைந்துவிட்டார்.

மூன்று வருடத்துக்கு முன்னால் நகர மன்றத்தார் கொர்ராதோவையும் அவர் தம்பி வியேரியையும் துரோகிகள் என்று சொல்லித் துரத்தினார்கள். அவர்கள் மாளிகையை இடித்தார்கள், உள்ளே இருந்த படங்களைக் கொளுத்தினார்கள். ஆள் சிக்காவிட்டால் உருவத்தையாவது சுவரில் வரைந்து தூக்கிலிடுவது அந்த ஊர் வழக்கம். சந்தைக்கு வருகிற அத்தனை பேரும் பார்க்கும்படி, அண்ணன் தம்பியை ஒற்றைக் காலில் தலைகீழாக அந்தச் சுவரில் தொங்கவிட்டவன் ஓவியன் நெரியோ. மன்றத்திடம் மாட்டேன் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? ஏதோ கிறுக்கிவிட்டுப் போயிருக்கலாம். அச்சு அசலாக வரைந்து தொலைத்தான், பாழாய்ப்போன திறமை!

உத்தரவு போட்ட பெரிய மனிதர்களோ நேற்றே கம்பி நீட்டிவிட்டார்கள்.

"ஏங்க, மூஞ்சியை அழிச்சாச்சுல்ல? இறங்குங்க!" ஏணியைப் பிடித்திருந்த மனைவி தாதேயா கத்தினாள்.

"கால் இன்னும் தெரியுதுடி!"

"காலைப் பாத்து ஆளைக் கண்டுபிடிப்பாங்களா? இறங்குங்கன்னா!"

அதற்குள் குதிரைகள் சதுக்கத்துக்கு வந்துவிட்டன. கொர்ராதோ இறங்கி, வெள்ளை ஒழுகும் சுவரைப் பார்த்தார்.

"வரைஞ்சது நீயா?"

"ஐயா, அவங்கதான்..."

"கேட்டதுக்குப் பதில்."

"நான்தாங்க ஐயா." நெரியோ ஏணியிலிருந்து இறங்கினான்.

"வியேரி காய்ச்சல்ல போயிட்டான். அவன் முகம் மிச்சம் இருக்கிறது இந்தச் சுவத்துல மட்டும்தான்னு எங்க அம்மாவைக் கூட்டிட்டு வர்றேன். வண்டி பின்னால வருது. நீ என்னடா பண்ணி வச்சிருக்க?"

காய்ந்த சுவரில் அவசரமாகத் தீட்டிய வண்ணம் அது. சுண்ணாம்பு மட்டையோடு கரைந்து வந்துவிட்டது. சுரண்டினாலும் ஒன்றும் வராது என்பது நெரியோவுக்குத் தெரியும். தலை போயிற்று என்றே நினைத்தான்.

"திரும்ப வரை."

கரியை எடுத்து, சுவரின் காய்ந்த மூலையில் வரைந்தான். யாரோ ஒருவனின் முகம் வந்தது. துடைத்துவிட்டு மறுபடி வரைந்தான். வேறு யாரோ வந்தான். கொர்ராதோவின் கை வாளுக்குப் போனது.

"ஐயா, தம்பியை நான் நேர்ல பாத்ததே இல்லை. கொளுத்தறதுக்கு முன்னாடி அவர் படத்தைக் கொடுத்தாங்க. அதைத் தலைகீழாக் கட்டி வச்சுக் கோடு கோடாப் பாத்து வரைஞ்சேன். எனக்கு அவரைத் தலைகீழாத்தான் தெரியும்!"

தாதேயா ஓடிப்போய் ரொட்டிக் கடையின் மாவுப் பலகையைப் பிடுங்கி வந்தாள். "தெரிஞ்சபடியே வரைங்க. பலகையைத் திருப்பிக்கலாம்."

இந்த முறை கை தானாக ஓடியது. முதலில் மோவாய், பிறகு வாய், கண், கடைசியில் கீழே முடி. ஒரு தடவைகூட நிற்கவில்லை. தாதேயா பலகையைத் திருப்பிப் பிடித்தாள்.

கொர்ராதோவின் கை வாளைவிட்டு விலகியது. "தம்பி..." என்றார்.

நெரியோவும் அப்போதுதான் அவனை நேராகப் பார்த்தான். பதினெட்டு வயதுகூட இருக்காது, மீசை சரியாக அரும்பவில்லை. பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான்.

சதுக்கத்து முனையில் வண்டி திரும்பியது. உள்ளிருந்து ஒரு கிழவியின் குரல், "எங்கடா என் பிள்ளை?" என்று கேட்டது. நெரியோவுக்கு வாளைப் பார்த்தபோதுகூட இவ்வளவு பயம் வரவில்லை.