இரண்டாவது வயலின்

"தனி வயலினுக்கு எழுதுறதுதான் சத்யா பெரும்பாடு. கூட வாசிக்க ஆளில்லன்னு கேக்குறவுகளுக்குத் தெரியவே கூடாது."

"தெரிஞ்சா என்ன ஆயிரும்?"

கல்யாணமான புதிதில், பரமக்குடியிலிருந்து நயினார்கோவில் போகும் பேருந்தில் நின்றுகொண்டே பேசியது. காளீஸ்வரன் சிரித்தபடி, கூட்டத்தில் நசுங்கிவிடாமல் அவளுடைய வயலின் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டான். கீழக்கரையில் வாடகை மாடி வீட்டில் தனியாக இருக்கும் சத்யப்பிரியாவுக்கு அந்தக் கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது.

அவளுக்கு இந்த ஊர்ப் பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை. அவனுக்குச் சென்னை. மேற்கத்திய செவ்வியல் முறையில் வயலினுக்கு எழுதுகிறவன். தனி வயலினுக்கும் எழுதுவான், நாலு பேர் கூடி வாசிக்கவும் எழுதுவான். வாசிக்கும் குழு அங்கேதான் இருக்கிறது. ஆனாலும் எதை எழுதினாலும் முதலில் அவளுக்குத்தான் அனுப்புவான். முதல் வயலினை அவள் வாசித்துப் பதிவு செய்வாள். பிறகு அதையே காதில் மாட்டிக் கேட்டபடி இரண்டாவது வயலினையும் வாசிப்பாள். அவன் அங்கே இரண்டையும் சேர்த்துக் கேட்டுத் திருத்துவான். குடும்பம் நடந்ததில் பாதி இப்படித்தான் நடந்தது.

மாதம் ஒருமுறை வருவான், வயலின் இல்லாமல் வெறுங்கையோடு. எழுதுகிறவன் வாசிப்பை விட்டால்தான் காது சுத்தமாக இருக்கும் என்று அவனாகவே ஒரு கொள்கை வைத்திருந்தான். வயலினை எடுத்து வந்து எதிரில் உட்கார்ந்து ஒரே ஒருமுறை சேர்ந்து வாசிக்கச் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் அவளுக்கு நாக்கு நுனிவரை வரும். ரயிலில் களைத்து வந்த அந்த முகத்தைப் பார்த்ததும், மீன் வாங்கவா கறி எடுக்கவா என்று கேட்டு முடித்துவிடுவாள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தது இரண்டு வயலின்களுக்கு மட்டுமான புதுப் படைப்பு. நடுவில் ஒரு சுரத்தின் தலையில் சிறு வளைவும் அதனடியில் ஒரு புள்ளியும் போட்டிருந்தான். அங்கே தாளம் நின்றுவிடும். எவ்வளவு நீட்டுவது என்பது வாசிப்பவர் மனசு. இரண்டு பேர் வாசித்தால் முகத்தைப் பார்த்து, ஒன்றாய் மூச்சிழுத்து, ஒன்றாய் அடுத்த சுரத்தில் இறங்குவார்கள். பதிவான வயலினுக்கு முகம் கிடையாது. காலையிலிருந்து அந்த இடத்தில் அவளே அவளைத் தவறவிட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் அலுத்துப்போய் இருந்ததையே அவனுக்கு அனுப்பிவிட்டு, இரண்டையும் சேர்த்துச் சத்தமாக ஓடவிட்டுக் கேட்டாள்.

கொஞ்ச நேரத்தில் கீழ்வீட்டு உம்மு ஹபீபா படியேறி வந்தாள். வீட்டுக்காரம்மா. கையில் தட்டு, தட்டில் இரண்டு தம்ளர் டீ, இரண்டு கிண்ணத்தில் தொதல் இனிப்பு.

"என்ன புள்ள, மாப்புள்ள வந்திருக்காக, ஒரு வார்த்த சொல்லல?" அவள் கண் சத்யாவின் தோளைத் தாண்டி வீட்டுக்குள் தேடியது.

"வரல லாத்தா."

"ரெண்டு வயலின் கேட்டுச்சே. ஒன்னு நீ. இன்னொன்னு யாரு, ஜின்னு பிசாசா?"

"ரெண்டுமே நாந்தான்."

ஹபீபா சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டாள். தன் வீட்டுக்காரர் துபாயிலிருந்து வருவதென்றால் விசா, லீவு என்று ஆயிரம் இருக்கிறது, உனக்கென்ன, ஒரு ராத்திரி ரயில்தானே என்று முணுமுணுத்தாள். இரண்டாவது தம்ளரைத் திரும்ப எடுத்துப்போகச் சங்கடப்பட்டு, தட்டோடு வைத்துவிட்டு இறங்கிப் போனாள்.

சத்யா ஒரு டீயைக் குடித்தாள். இன்னொன்றில் ஆடை படிவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது காளீஸ்வரன் அழைத்தான். எல்லாம் அருமை, அந்த நிறுத்தத்தில் மட்டும் இரண்டாவது வயலின் பிந்துகிறது என்றான்.

"மனசுக்குள்ள எண்ணிக்கிட்டு எடு சத்யா. சரியா வந்துரும்."

வழக்கம்போல் சரி என்று சொல்ல வாயெடுத்தாள். கண் அந்த இரண்டாவது தம்ளருக்குப் போனது.

"எண்ணியெல்லாம் பாத்தாச்சுங்க. அந்த எடத்துல கை தன்னால நின்னுருது, யாரோ தலையசைக்கப் போறாகன்னு." அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "ஒங்க வயலின எடுத்துக்கிட்டு இங்கன வாங்க. எதுத்தாப்ல உக்காந்து, ரெண்டாவத நீங்க வாசிங்க."