பாகாலா என்று ஒரு மது

ரங்கையா பெங்களூர் கன்டோன்மென்டில் ஓர் ஓட்டலில் பாத்திரம் கழுவச் சேர்ந்தபோது ஆந்திர ராஜ்யம் பிறந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. ஊர் புத்தூருக்குப் பக்கம். அவனுடைய நைனா பாலையா அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். நான்கு வருடத்தில் ரங்கையா சமையலறையிலிருந்து மது கலக்கும் மேடைக்கு வந்துவிட்டான். கை நிதானம், வாய் இனிமை. அவன் மட்டும் ஒரு சொட்டும் குடிக்க மாட்டான்.

அப்போது மதராஸிலும் மதுவிலக்கு, சித்தூர் திருப்பதிப் பக்கமும் மதுவிலக்கு. வசதியுள்ளவர்கள் ரயிலேறி பெங்களூருக்கு வந்து குடித்துவிட்டுப் போனார்கள். சிலர் மனைவியையும் ஊர் பார்க்க அழைத்து வந்தார்கள். அந்தத் தம்பதிகளை இழுக்க ஓட்டல் மேனேஜர் பெரேரா ஒரு யோசனை செய்தார். சனிக்கிழமை மாலைகளில் சரித்திரக் காதலர்களின் பெயரில் மது. ரோஜாத் தண்ணீரும் ஜின்னும் பாலாடையும் சேர்த்தது ஷாஜகான். ரம்மில் மாதுளம்பழச் சாறு விட்டது கிளியோபாட்ரா. பிராந்தியும் கமலா ஆரஞ்சும் ஜோசபின். கோப்பையை வைக்கும்போது அந்தக் காதலர்களின் கதையை ரங்கையா நான்கு வரியில் சொல்ல வேண்டும். கதைகளைப் பெரேரா அவனுக்குச் சொல்லிக்கொடுத்தார். ரங்கையா அவற்றை அவரைவிட நன்றாகச் சொன்னான்.

“எல்லாம் ராஜா ராணி. நம்ம பக்கத்துக் காதல் ஒண்ணு வேணுமே. உனக்கு எதாவது இருக்கா?” என்று ஒருநாள் பெரேரா கேட்டார்.

ரங்கையா தயங்கினான். பிறகு சொன்னான். அவன் ஒரு நிலக்காரர் வீட்டுப் பெண்ணை விரும்பினான். அவளும் விரும்பினாள். புத்தூர் ஸ்டேஷனில் ஆள் தெரியும் என்பதால் இருவரும் தனித்தனியே பாகாலா ஜங்ஷனுக்கு வந்து, அங்கிருந்து காட்பாடி வழியாகப் பெங்களூர் போவதாக ஏற்பாடு. அவன் போய்க் காத்திருந்தான். மூன்று வண்டிகளை விட்டான். அவள் வரவில்லை.

பெரேராவின் கண் கலங்கிவிட்டது. அந்த வாரமே பட்டியலில் ‘பாகாலா’ ஏறியது. ஜின்னில் நார்த்தங்காய்ச் சாறு விட்டு, கோப்பையின் விளிம்பில் உப்புத் தடவிக் கொடுத்தான் ரங்கையா. முதல் வாயில் கசக்கும். ஷாஜகானைவிட அதைத்தான் அதிகம் பேர் கேட்டார்கள். “இந்தப் பையன்தான் அந்தக் காதலன்” என்று பெரேரா ஒவ்வொரு மேஜையிலும் போய்ச் சொல்லிவிட்டு வருவார். பெண்கள் அவனை இரக்கத்தோடு பார்ப்பார்கள். பார்க்கப் பார்க்க, நடந்தது அப்படித்தான் என்று அவனுக்கே தோன்ற ஆரம்பித்தது.

1960 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, திருப்பதியிலிருந்து சிட்டிபாபு என்ற கட்டடக் கான்ட்ராக்டர் மனைவியுடன் வந்தார். பருத்த மனிதர், சிரித்த முகம். பட்டியலைப் படித்துவிட்டு, “பாகாலாவா! அரே, மன ஊரு, நம்ம ஊரு!” என்று கூவி இரண்டு கொண்டுவரச் சொன்னார். ரங்கையா தட்டோடு போனான். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனைவி, அந்த நிலக்காரர் வீட்டுப் பெண் தாட்சாயணி.

அவள் முகத்தில் எதுவும் அசையவில்லை. பெரேரா வந்து கதையைத் தானே சொன்னார். சிட்டிபாபு உச்சுக்கொட்டினார். “பாவம்யா நீ. அந்தப் பொண்ணு நல்லா இருக்குமா? இருக்காது,” என்று ரங்கையாவின் முதுகில் தட்டினார். பிறகு தூரத்தில் யாரோ தெரிந்தவரைக் கண்டு எழுந்து போனார். பெரேராவும் நகர்ந்தார்.

“வேற எதாவது வேணுங்களாம்மா?” என்றான் ரங்கையா. குரல் அவனுடையதாக இல்லை.

“அம்மாவா?” என்றாள் தாட்சாயணி. “பொண்ணு வரலைன்னு யாரு சொன்னது?”

அவன் காலித் தட்டை மார்போடு பிடித்துக்கொண்டான்.

“காலைல ஆறு மணிக்கே வந்து குழாய்கிட்ட குந்திக்கினு இருந்தேன். நீயும் என்னப் பார்த்த. வண்டி வந்துச்சு, ஏறின. கூப்புடுவேன்னு நானும் மூட்டையத் தூக்கிக்கினு ஓடியாந்தேன். நீ ஜன்னல் கதவ இறக்கிட்ட.”

“பயந்துட்டேன் தாட்சி. உங்க அண்ணன் நாகேந்திரன் எங்க நைனாவ உயிரோட விடமாட்டாருன்னு...”

“எங்கண்ணன் மத்தியானம்தான் வந்தாரு. அதுவரைக்கும் நீ அடுத்த ஸ்டேஷன்ல இறங்கித் திரும்பி வருவன்னு அங்கயே இருந்தேன்.” அவள் கோப்பையைத் தள்ளி வைத்தாள். “விட்டுட்டுப் போன, சரி. நானு வரலைன்னு ஊருக்கெல்லாம் ஊத்திக்கினு இருக்கியே, அதுதான்...”

சிட்டிபாபு திரும்பி வந்ததால் அவள் பேச்சை நிறுத்தினாள்.

அன்று வேலை முடிந்ததும் ரங்கையா பெரேராவிடம் உண்மையைச் சொன்னான். அவர் கணக்கு நோட்டை மூடினார். “இதை யார் குடிப்பாங்க, ரங்கையா? இருக்கறபடியே இருக்கட்டும்,” என்றார்.

ஏழு வருடத்தில் அவன் ஊர்ப்பக்கம் போனதில்லை. கடிதம் மட்டும் போட்டுக்கொண்டிருந்தான். ஏப்ரலில் லீவு எடுத்துக்கொண்டு நைனாவைப் பார்க்கப் போனான். அவன் ஓடிப்போன வாரமே பாலையாவின் குடிசையைப் பிரித்துப் போட்டுவிட்டார்கள். அவர் சத்தியவேடு பக்கம் ஒரு கிராமத்துக்குப் போய்விட்டார். அப்போது அது மதராஸ் ராஜ்யம். நாகேந்திரன் ஆட்கள் எல்லை தாண்டி வரமாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை. இப்போது எல்லையை மாற்றி அந்த இடத்தையும் ஆந்திராவில் சேர்த்துவிட்டார்கள்.

பாலையா மகனைப் பார்த்து அழவில்லை. வேர்க்கடலை உரித்துக்கொண்டே பேசினார்.

“நாங்க உசுரோட இருக்கறது யாரால தெரியுமா? அந்தப் பொண்ணாலதான். அவள வீட்டுக்கு இட்டாந்து அடிச்சிருக்காங்க. கால்ல சூடு போட்டாங்களாம். அப்பவும் பால்கார செங்கம்மாவ அனுப்பி, ‘இப்பவே கிளம்பச் சொல்லு, அண்ணன் ஆள் சேக்கறாரு’ன்னு சொல்லி அனுப்பிச்சிது. துன்ற சோத்த அப்பிடியே வெச்சிட்டு நானும் உங்கம்மாவும் நடந்தோம்.”

“ஏன் நைனா எனக்கு எழுதல?”

“எழுதினா என்னா பண்ணியிருப்ப?” என்றார் பாலையா. இன்னொரு கை வேர்க்கடலையை அள்ளி உரிக்க ஆரம்பித்தார்.

ரங்கையா மறுநாளே திருப்பதிக்குப் போனான். கான்ட்ராக்டர் சிட்டிபாபு வீடு எது என்று கேட்டதும் காட்டினார்கள். வாசலில் கால் வைப்பதற்குள் சிட்டிபாபுவே பார்த்துவிட்டார். “ஏமய்யா பாகாலா! வா, வா! சாமி பார்க்க வந்தியா?” என்று கையைப் பிடித்து உள்ளே கொண்டுபோய் உட்கார வைத்தார். அவருக்கு அதில் நிஜமான சந்தோஷம். “இரு, உன்னைப் பத்தி எதிர்வீட்ல சொல்லியிருக்கேன். அவங்களைக் கூட்டிட்டு வரேன்,” என்று வெளியே போனார்.

தாட்சாயணி தண்ணீர்ச் செம்போடு வந்தாள். அவன் எழுந்து நின்றான்.

“நைனா சொன்னாரு. நீ செங்கம்மாவ அனுப்பினதையும், உனக்குச் சூடு போட்டதையும். நானு உன் கால்ல...”

“உக்காரு. யாராவது பார்க்கப் போறாங்க.” அவள் வாசலைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “மன்னிப்புக் கேக்க வந்தியா? கேட்டுட்டு நீ நிம்மதியாப் பூடுவ. எனக்கு அதுல என்னா இருக்குது?”

“இனிமே அந்தக் கதைய சொல்லமாட்டேன். உண்மைய...”

“ஐயோ, உண்மைய எடுத்துத் தொலையாத!” அவள் குரல் முதல்முறையாக நடுங்கியது. “அவருக்கு எதுவும் தெரியாது. கல்யாணத்துக்கு முன்னால நானு பாகாலால புடிபட்டது எங்க வீட்டோட நின்னுபோச்சு. பொண்ணு வந்தா, குழாய்கிட்ட குந்தினு இருந்தா, அண்ணன் வந்து இட்டுக்கினு போனான்னு நீ சொல்லு, ஒருநாள் யாராவது என்னையும் அதையும் சேர்த்துப் பேசுவாங்க. ரெண்டு கொழந்தைங்க இருக்குது எனக்கு. வரலைன்னே சொல்லிக்கினு இரு. நீ செஞ்சதுல எனக்கு உதவற மாதிரி இருக்கறது அந்தப் பொய் ஒண்ணுதான்.”

வாசலில் பேச்சுக் குரல் கேட்டது. சிட்டிபாபு எதிர்வீட்டுத் தம்பதியை அழைத்து வந்திருந்தார். பாயை விரித்து அவர்களை உட்கார வைத்தார்.

“சொல்லுய்யா. உன் வாயால கேட்டாத்தான் நல்லாருக்கும்.”

ரங்கையா தாட்சாயணியைப் பார்க்காமல் சொன்னான். பெங்களூரில் சொல்வதுபோலத்தான் சொன்னான். பாகாலா ஜங்ஷன், காட்பாடி வண்டி, காலையிலிருந்து காத்திருந்தது, மூன்று வண்டிகளை விட்டது. கடைசி வரிக்கு வந்தபோது அவன் தலையைக் குனிந்துகொண்டான். எல்லோரும் அதைத் துக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

“பொண்ணு வரல,” என்றான்.

எதிர்வீட்டு ருக்மணி பெருமூச்சு விட்டாள். “இப்பிடியும் ஒரு பொம்பளை இருப்பாளா, தாட்சாயணி?”

“இருப்பாங்க,” என்று சொல்லிவிட்டு தாட்சாயணி செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.