மாயாண்டி தைப்பிங்கில்தான் இருக்கிறார்

1.
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு வசவிலிருந்து பிறந்தது. மலேசியாவின் ஈப்போ நகரில், ஷரபுதீன் பாய் உணவகத்தில் தேநீர் ஆற்றும் புஷ்பலதா அக்கா, முப்பத்தொரு வருடங்களுக்கு முன் காணாமல்போன தன் கணவர் மாயாண்டியைத் தினமும் திட்டுவார். தைப்பிங்கில் இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறாராம். அக்காவின் கழுத்தில் தாலி மட்டும் அப்படியே இருக்கிறது.

2.
முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘அடர்காட்டின் நடுவே ஒரு விமானம் உறங்கிக்கொண்டு—’

அடித்துவிட்டேன். அது உறங்கவில்லை, உதிர்ந்துகொண்டிருக்கிறது. இறக்கையில் பாசி. ஜன்னல் வழியே பிரம்புக்கொடி. விமானி உட்கார்ந்த இடத்தில் மழைத்தண்ணீர். (எந்தப் போரில் விழுந்தது என்று கேட்காதீர்கள். தேடிப் படிக்கச் சோம்பல்.)

3.
மாயாண்டியை எனக்குப் பிடிக்கவில்லை. பெண்டாட்டியை விட்டு ஓடியவரை எப்படிப் பிடிக்கும்? ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். முதலாளி தோட்டத்தை விற்று, லயத்தைக்* காலிசெய்யச் சொன்னதும், மலைமேல் கிடந்த விமானத்தில் அலுமினியத் தகடு வெட்டி விற்கப் போவதாகக் கிளம்பினார். திரும்பவில்லை. அது வெறும் சாக்கு என்றார்கள். நானும் அப்படியேதான் எழுதிக்கொண்டிருந்தேன், போன மாதம் அந்த மலையில் ஏறும்வரை.

*தொழிலாளர் வரிசை வீடுகள். இப்போது அங்கே கோல்ஃப் திடல்.

4.
பாதி வெட்டிய தகடு. சரிந்த இறக்கைக்கு அடியில் எலும்புகள். பக்கத்தில் பால் வெட்டும் கத்தி. வியர்வையில் வழுக்காமலிருக்க அதன் பிடியில் அக்கா சிவப்பு சைக்கிள் ட்யூப் சுற்றிக் கொடுத்த கதையை நூறு முறை கேட்டிருக்கிறேன். ட்யூப் இன்னும் சிவப்பாகவே இருந்தது.

(போலீசில் சொல்லியிருக்கவேண்டும். தெரியும். அவர்கள் நேராக அக்காவிடம்தான் வருவார்கள்.)

5.
நான் மலைக்குப் போனது எப்படியோ அக்கா காதுக்கு எட்டிவிட்டது. நேற்று மேசையைத் துடைத்தபடி கேட்டார்.

“அங்க ஒண்ணும் இல்லதானே தம்பி?”

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார். “அந்த ஆளு தைப்பிங்லதான் இருக்காரு லா. அங்க செத்துக் கெடந்தாருன்னா, நான் இத்தன வருஷம் திட்டுனதெல்லாம் என்னா ஆவுறது?”

அவசர வேலை என்று எழுந்து வந்துவிட்டேன்.

6.
முடிவு அ: சொல்லிவிடுகிறேன். மாயாண்டி நல்லவராகிறார். அக்கா தாலியைக் கழற்றுகிறார்.

முடிவு ஆ: சொல்லவில்லை. தாலி இருக்கிறது. எங்கேயும் ஓடிப்போகாத ஒரு மனிதர் தினமும் திட்டு வாங்கிக்கொண்டு மழையில் கிடக்கிறார்.

இரண்டையும் முழுதாக எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் அக்காவின் முகம் வரும் இடத்தில் பேனா நின்றுவிட்டது.

காலை ஏழு மணிக்குக் கடை திறக்கும். அக்கா மறுபடியும் கேட்பார். எனக்குப் பதிலாக நீங்கள் போவீர்களா?